எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குக் கொரோனா வந்தால்? சந்தேகங்களும் விளக்கங்களும்

உறவினர் ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஆறு வருடம் ஆகிறது. 2025 ஜூனில் கொரோனா மறுபடி தலைகாட்டியபோது, ஒரு புதன்கிழமை இரவு அவருக்குத் தொண்டை கரகரத்தது. வியாழன் காலை மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்தார், இரண்டு கோடு. குடும்ப டாக்டரிடம் ஓடினார். “கிட்னி டாக்டரைக் கேட்டுக்கிட்டு வாங்க, இதுல நான் கை வைக்க மாட்டேன்” என்றார் அவர். கிட்னி டாக்டர் வெளியூர் மாநாட்டில் இருந்தார். சனிக்கிழமை ஓ.பி.யில் இருந்த இளம் மருத்துவர், “பெரியவர் வரட்டும்” என்றார். ஞாயிறு யாரும் இல்லை. திங்கள் மாலை ஒருவழியாகச் சீட்டு கிடைத்தது. மருந்துக்கடைக்காரரோ, “ஸ்டாக் இல்ல சார், நாளைக்கு வரவழைச்சிடலாம்” என்றார். செவ்வாய் மாத்திரை கைக்கு வந்தபோது அறிகுறி தொடங்கி ஆறு நாள் கழிந்திருந்தது. ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை அது.

அவர் தேறிவிட்டார். ஆனால், அந்த வாரத்தில் யாரும் தவறு செய்யவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. ஆளாளுக்கு எச்சரிக்கையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த எச்சரிக்கையிலேயே ஐந்து நாளும் தீர்ந்துபோனது. மாற்று உறுப்பு பெற்றவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மூட்டுவாதத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் எனப் பலரும் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கொரோனா இப்போது சாதாரண சளிக் காய்ச்சல் மாதிரிதானே? அதற்குப் போய் மருந்து எதற்கு?

பெரும்பாலானோருக்கு அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசர நிலையை விலக்கிக்கொண்டதும் அதனால்தான். அதே நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் சிகிச்சை நெறிமுறையைத் திருத்தியபோது நோயாளிகளை மூன்று படிகளில் நிறுத்தியது. சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்கள் தொற்றினால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 0.5 சதவீதம். 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், உடல்பருமன், நாள்பட்ட சிறுநீரக நோய் போன்றவை உள்ளவர்களுக்கு 3 சதவீதம். எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்டவர்களுக்கு 6 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டதே என்று அவர்கள் தங்களை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது; ஆபத்து பன்னிரண்டு மடங்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல் என்பதே உடல் கிருமியோடு மல்லுக்கட்டுவதன் அடையாளம். மல்லுக்கட்டும் படையையே மருந்தால் அடக்கி வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் அடிக்காமலும் போகலாம். “வெறும் அசதிதான், காய்ச்சல் இல்லை” என்று அவர்கள் சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குச் சர்க்கரை நோய். நானும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் கணக்கில் வருவேனா?

பேச்சுவழக்கில் வருவீர்கள், மருந்துக் கணக்கில் நடுப்படியில்தான் நிற்பீர்கள். மேல்படியில் இருப்பவர்கள் வேறு: சிறுநீரகம், கல்லீரல், இதயம், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிடுபவர்கள்; ரத்தப் புற்றுநோயாளிகள்; கீமோதெரபி நடப்பவர்கள்; ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டவர்கள்; பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் எடுப்பவர்கள்; சிகிச்சை எடுக்காத அல்லது சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய எச்.ஐ.வி. நோயாளிகள். ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சி.டி.4 நன்றாக ஏறியிருக்கும் எச்.ஐ.வி. நோயாளி இந்தப் பட்டியலில் இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டது. அது காப்பாற்றாதா?

ஓரளவு காப்பாற்றும், அதையே முழுதாக நம்பி உட்கார முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் மாற்று உறுப்பு பெற்ற 658 பேரை ஆராய்ந்து 2021 மே மாதம் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி இரண்டு தவணை போட்ட பிறகும் 46 சதவீதம் பேரின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே உருவாகவில்லை. தடுப்பூசி ஒரு பாடம் என்றால், இவர்கள் உடலில் பாடம் படிக்க வேண்டிய மாணவர்களையே மருந்து வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் இன்னும் ஒருபடி மேலே போய், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்களையே துடைத்துவிடும். அவை திரும்பி வர ஆறு மாதம் ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம்.

எதிர்ப்பொருளை வெளியே தயாரித்து ஊசியாக ஏற்றும் வழியும் இருந்தது. 2021 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஆன்டிபாடி காக்டெயில்’ நினைவிருக்கலாம். ஒரு நோயாளிக்கான அளவு 59,750 ரூபாய். ஒமைக்ரான் வந்ததும் அது செல்லாக் காசானது. முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் எவுஷெல்ட் ஊசியும் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. வைரஸ் தன் மேல்தோலை மாற்றிக்கொண்டே போவதால், மேல்தோலைப் பிடிக்கும் மருந்துகள் நழுவுகின்றன. கீழே சொல்லப்போகும் மாத்திரைகளும் ரெம்டெசிவிரும் வைரஸ் பெருகும் பட்டறைக்குள்ளேயே போய்க் கைவைப்பவை. ஒமைக்ரானும் அதன் வாரிசுகளும் வந்த பிறகும் அவை வேலை செய்வது அதனால்தான்.

அப்படி என்னென்ன மருந்து இருக்கிறது?

பேசத் தகுந்தவை மூன்று. முதலாவது, நிர்மாட்ரெல்விரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த மாத்திரை. ஃபைசர் நிறுவனம் பாக்ஸ்லோவிட் என்ற பெயரில் கொண்டுவந்தது. மெடிசின்ஸ் பேடன்ட் பூல் என்ற அமைப்பு 2022 மார்ச்சில் இதன் நகல் மருந்தைத் தயாரிக்க 35 நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. அதில் 19 இந்திய நிறுவனங்கள். ஹைதராபாத் ஹெட்டெரோ நிறுவனத்தின் நிர்மாகாம், உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்றை 2022 டிசம்பரில் பெற்றது. உலகுக்கே சப்ளை செய்யும் நாட்டில், ஊர் மருந்துக்கடையில் “நாளைக்கு வரவழைக்கிறேன்” என்று பதில் வருவது நம் வழக்கம்தான்.

இரண்டாவது ரெம்டெசிவிர், நரம்பு வழியாக ஏற்றுவது. மூன்றாவது மோல்னுபிராவிர் மாத்திரை. எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் அழுத்தமாகப் பரிந்துரைப்பது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டையும் ‘நிலைமையைப் பார்த்து’ என்ற அடைமொழியோடு சொல்கிறது.

முதல் மாத்திரையின் பெரிய சோதனையில், அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் சாப்பிட்டவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் 89 சதவீதம் குறைந்தன. இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனையில் இருந்தவர்கள் தடுப்பூசி போடாதவர்கள், டெல்டா காலத்தவர்கள், எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்டவர்கள் அதில் மிகச் சிலரே. 89 என்பதை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால், சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு என்பதில் மருத்துவர்களிடையே பெரிய தகராறு இல்லை.

“டாக்ரோ சாப்பிடுறவங்களுக்கு அந்த மாத்திரை ஆகாது” என்கிறார்களே, உண்மையா?

முறை தெரியாமல் கொடுத்தால் ஆகாது. தெரிந்து கொடுத்தால் ஆகும். இந்தக் கட்டுரையின் கனமான பகுதி இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

வைரஸை அடிப்பது நிர்மாட்ரெல்விர் மட்டும். கூட வரும் ரிட்டோனாவிர் வைரஸைத் தொடுவதே இல்லை. அதன் வேலை வேறு. வயலில் பாய்ச்சிய தண்ணீர் வடிகால் மடை வழியாக ஓடிவிடுவதுபோல, நாம் சாப்பிடும் மருந்துகளில் பல கல்லீரலில் இருக்கும் ஒரு நொதியின் வழியாகக் கழிந்து போகின்றன. ரிட்டோனாவிர் அந்த மடையை அடைத்துவிடுகிறது. அதனால் நிர்மாட்ரெல்விர் வடியாமல் ரத்தத்தில் நின்று வேலை செய்கிறது. எச்.ஐ.வி. சிகிச்சையில் வெகுநாளாகப் புழங்கும் உத்தி இது. இரண்டாம் கட்ட ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ரிட்டோனாவிர் என்ற பெயர் புதிதல்ல.

வம்பு எங்கே என்றால், மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸும் (சுருக்கமாக டாக்ரோ) அதே மடை வழியாகத்தான் வடிய வேண்டும். மடை அடைபட்டால் வயல் முழுகும். மாற்றுச் சிறுநீரகம் பெற்று ஆண்டுகள் கடந்தவரின் ஒரு மில்லி ரத்தத்தில் டாக்ரோலிமஸ் பொதுவாக 5 நானோகிராமை ஒட்டியோ, சற்றுக் கூடுதலாகவோ இருக்கும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வழக்கமான அளவில் டாக்ரோலிமஸையும் விழுங்கிக்கொண்டு இந்த மாத்திரையையும் சேர்த்தால், இரண்டு மூன்று நாளில் அந்த எண் பல மடங்கு ஏறிவிடும். கை நடுங்கும், தலை வலிக்கும், பொட்டாசியம் கூடும், கிரியேட்டினின் எகிறும். எந்த உறுப்பைக் காப்பாற்ற அந்த மருந்து சாப்பிடுகிறோமோ அதே உறுப்பை அது தாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மே மாதம் பாக்ஸ்லோவிட்டுக்கு முழு அனுமதி கொடுத்தபோது, மருந்துகளுக்கிடையிலான இந்த மோதலைத்தான் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகப் போடச் சொன்னது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. மாற்று அறுவைச் சிகிச்சைத் துறையில் பரவலாகக் கையாளும் முறை இது: மாத்திரை தொடங்குவதற்கு ஒரு வேளை முன்பே டாக்ரோலிமஸை நிறுத்துவது, ஐந்து நாளும் கொடுக்காமல் இருப்பது, மாத்திரை முடிந்து ஓரிரு நாளில் டாக்ரோ லெவல் பார்த்து, அது இறங்கிய பிறகு திரும்பத் தொடங்குவது. ‘நிறுத்தினால் உடல் உறுப்பை ஒதுக்கிவிடாதா?’ என்று நோயாளிகள் பதறுவார்கள். மடை அடைபட்டிருப்பதால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் டாக்ரோலிமஸ் மெதுவாகத்தான் வடியும்; அந்த இருப்பே ஐந்து நாளைப் பெரும்பாலும் ஓட்டிவிடும். சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கு முற்றிலும் நிறுத்தாமல் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். எவரோலிமஸ், சிரோலிமஸ் என்றால் நிறுத்திவைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே டப்பாவை மூடி வைத்துவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது, எந்தத் தேதியில் லெவல் எடுப்பது, எந்த எண்ணுக்கு எவ்வளவு டோஸ் என்பதை உங்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுதான் எழுதித் தர வேண்டும். ஆபத்து பெரும்பாலும் நிகழ்வது ஐந்து நாளில் அல்ல, ஆறாவது ஏழாவது நாளில்: மாத்திரை முடிந்துவிட்டதென்று லெவல் பார்க்காமலே பழைய டோஸைத் தொடங்கும்போது, அல்லது தொடங்கவே மறந்துபோகும்போது.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர் சாப்பிடலாமா?

வடிகட்டும் திறன், அதாவது ஆய்வகச் சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருக்கும் எண், 60க்கு மேல் இருந்தால் முழு அளவு: வேளைக்கு நிர்மாட்ரெல்விர் இரண்டு, ரிட்டோனாவிர் ஒன்று, காலையும் இரவும், ஐந்து நாள், ஆக மொத்தம் முப்பது மாத்திரை. 30 முதல் 60 வரை என்றால் நிர்மாட்ரெல்விர் இரண்டுக்குப் பதில் ஒன்று. 30க்குக் கீழே போனவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் ‘வேண்டாம்’ என்றே நெடுநாள் இருந்தது. 2025ல் அமெரிக்காவில் அவர்களுக்கும் தனி அளவு வகுத்திருக்கிறார்கள். ஆகவே பழைய ‘வேண்டாம்’ என்ற பதிலோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். கடைசியாக எடுத்த கிரியேட்டினின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதைத் தேடவே ஒரு நாள் போகும்.

வேறு மாத்திரைகளோடும் மோதுமா?

மோதும். நம் ஊரில் முதலில் சொல்ல வேண்டியது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். இது மடையை அகலத் திறந்துவிடும் ரகம். நிர்மாட்ரெல்விர் வந்த வேகத்தில் வடிந்துவிடும். சாப்பிட்டும் சாப்பிடாத கதை. ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அதன் வேகம் இரண்டு வாரம்வரை தணியாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபினும் இதே கட்சி. இவர்களுக்கு ரெம்டெசிவிர்தான் யோசிக்க வேண்டிய வழி.

கொழுப்பு மாத்திரைகளை (அட்டர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின்) சில நாள் நிறுத்தினால் ஒன்றும் குடிமுழுகாது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினின் வேகம் கூடி அழுத்தம் இறங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், சில ரத்தப் புற்றுநோய் மாத்திரைகள் விஷயத்தில் விளையாடவே கூடாது. அண்மையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு கிளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர் அதை அவசியம் சொல்ல வேண்டும்.

ரெம்டெசிவிர் என்றாலே பயமாக இருக்கிறது. அது ஐ.சி.யூ. மருந்துதானே?

2021 ஏப்ரல், மே மாதங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருக்காது. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இந்த மருந்துக்காக விடிய விடிய மக்கள் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் தாங்கவில்லை. கடைசியில் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுப்பதென்று அரசு முடிவுசெய்தது. மருந்துச் சீட்டையும் ஆதார் நகலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்ற மகன்களையும் மருமகன்களையும் மறக்க முடியாது.

அவர்கள் வாங்கப் போராடிய மருந்து பெரும்பாலும் பத்து நாள் கடந்து, ஆக்சிஜன் மாட்டிக் கிடந்தவர்களுக்கு. அந்தக் கட்டத்தில் வைரஸைவிட உடலின் வீக்கமே பெரிய எதிரி. ரெம்டெசிவிருக்கு அங்கே வேலை குறைவு. அது பளிச்சென்று வேலை செய்யும் இடம் நோயின் வாசல்படி. வீட்டில் இருக்கும் நோயாளிகள் 562 பேரிடம் நடந்த சோதனையில், அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் மூன்று நாள் மட்டும் ஏற்றியதில் மருத்துவமனைச் சேர்க்கை 87 சதவீதம் குறைந்தது. 2020 நவம்பரில் ‘வேண்டாம்’ என்ற உலக சுகாதார நிறுவனம், 2022 ஏப்ரலில் ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தரலாம் என்று மாறியது இதனால்தான்.

மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு இதில் பெரிய நிம்மதி, டாக்ரோலிமஸோடு மோதாது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமலே தரலாம் என்று 2023 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்தது. முதல் நாள் 200 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாள் நூறு நூறு. ஏற்ற அரை மணி முதல் இரண்டு மணி நேரம், முடிந்த பின் ஒரு மணி நேரம் கண்காணிப்பு. கல்லீரல் ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே வேண்டும். கஷ்டம் என்னவென்றால், மூன்று நாள் தொடர்ந்து போய்வர வேண்டும். கொரோனா நோயாளியைப் படுக்கவைத்து ஏற்றி அனுப்ப ஓர் இடம் வேண்டும். பல மருத்துவமனைகளில் “அட்மிட் ஆனால்தான்” என்பார்கள். இந்தியாவின் 2023 மார்ச் நெறிமுறையும் மிதமான, தீவிரமான நோய்க்கே இதைச் சொல்கிறது. லேசான நோயிலேயே தர வேண்டுமானால் சிகிச்சைக் குழு தன் பொறுப்பில் முடிவெடுக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மருந்துக்கடையில் ஃபேபிஃப்ளூ, ஐவர்மெக்டின், அசித்ரோமைசின் தருகிறார்களே?

வேண்டாம். ஃபேபிஃப்ளூ என்ற ஃபேவிபிராவிர், ஐவர்மெக்டின், அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எல்லாமே இந்தியாவின் அந்த 2023 மார்ச் நெறிமுறையின் ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில் இருக்கின்றன. மோல்னுபிராவிரும் அதே பட்டியலில்தான்.

மோல்னுபிராவிருக்கு 2021 டிசம்பர் 28ஆம் தேதி இந்தியாவில் அவசர அனுமதி கிடைத்தது. அடுத்த வாரமே ஐ.சி.எம்.ஆர். தலைவராக இருந்த பல்ராம் பார்கவா பாதுகாப்புக் கவலைகளைச் சொல்லி, நெறிமுறையில் சேர்க்கவில்லை என்றார். வைரஸின் மரபுக் குறியீட்டில் பிழைகளைத் திணித்து அழிக்கும் மருந்து இது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இங்கிலாந்தில் 25,000க்கும் மேற்பட்டோரிடம், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்களிடம் நடந்த பனோரமிக் சோதனையில், சில நாள் முன்னதாகத் தேறினார்களே தவிர மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. மற்ற இரண்டும் ஒத்துவராத நிலையில் சில நாடுகளில் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. டெக்ஸாமெதசோன் உயிர்காத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. முதல் நாள் தொண்டை வலிக்கு அதை விழுங்குவது, இருக்கும் கொஞ்சநஞ்சப் படையையும் வீட்டுக்கு அனுப்பும் வேலை. ஆனால், நீங்கள் தினமும் எடுக்கும் பிரெட்னிசலோனைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

கபசுரக் குடிநீர் குடிக்கலாமா?

மற்றவர்கள் குடிப்பது அவர்கள் விருப்பம். மாற்று உறுப்பு பெற்றவர் தன் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் சேரும் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. சீந்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதுதான் அதன் பெருமை. தூண்டக் கூடாதென்றுதானே உங்களுக்கு மாத்திரை தருகிறார்கள்? சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு தீரும்வரை நம் கல்லீரலைச் சாட்சியாக நிறுத்த வேண்டாமே. கையோடு இன்னொன்று: பம்ப்ளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் இனம்.

கிட்டில் ஒரு கோடுதான் வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

அறிகுறி இருந்தால் முடியாது. வீட்டுக் கிட் முதல் நாளில் ஏமாற்றும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி பாருங்கள். இல்லையென்றால் அன்றே ஆர்.டி.-பி.சி.ஆர். கொடுத்துவிடுங்கள். ‘நாலு நாள் பார்ப்போம், குறையலைன்னா டெஸ்ட் எடுக்கலாம்’ என்பது மற்றவர்களுக்கான புத்திமதி. ஐந்து நாள் கணக்கு ஓடத் தொடங்குவது இரண்டு கோடு தெரிந்த நாளிலிருந்து அல்ல, தொண்டை கரகரத்த நாளிலிருந்து.

மாத்திரை சாப்பிட்டால் வாய் கசக்குமாமே? நின்றதும் திரும்ப வருமாமே?

வாய் கசக்கும், பழைய இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, ஐந்து நாளும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு வயிறும் இளகும். முடிந்ததும் போய்விடும்.

குணமாகிச் சில நாளில் மறுபடி அறிகுறி எழுவதும் உண்டு. 2022ல் அமெரிக்க அதிபர் பைடனுக்கே அப்படி வந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இது நேர்வதுண்டு. பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்து முதல் சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. மறுபடி வந்தால் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் பாசிட்டிவ் என்றே வருகிறது. என்ன அர்த்தம்?

மற்றவர்களுக்கு என்றால் செத்த வைரஸின் துணுக்கு என்று விட்டுவிடலாம். எதிர்ப்பு சக்தி ஒடுக்கப்பட்டவருக்கு, குறிப்பாக ரிட்டுக்ஸிமாப் போட்டவருக்கு, உயிருள்ள வைரஸே உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். நெதர்லாந்தில் ரத்த நோய் இருந்த 72 வயது முதியவர் ஒருவரின் உடலில் 613 நாள் கொரோனா தங்கியிருந்ததை ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 2024ல் அறிவித்தார்கள். அதற்குள் அந்த வைரஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

இத்தகையவர்களுக்கு ஐந்து நாள் சிகிச்சை போதாமல் போகும். நீட்டித்தும், இரண்டு மருந்தைச் சேர்த்தும் மருத்துவர்கள் தருகிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. இருமலும் அசதியும் விட்டு விட்டு வருவது, காய்ச்சல் தலைகாட்டி மறைவது, சி.டி. ஸ்கேனில் நிழல் இடம் மாறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். தொற்றுநோய் நிபுணரைப் பார்க்க வேண்டிய கட்டம் அது.

வீட்டில் என் மனைவிக்கும் வந்துவிட்டது. அவளுக்கும் அதே மாத்திரை வாங்கித் தரலாமா?

வேறு நோய் இல்லாதவர் என்றால் தேவையில்லை. ஆபத்து குறைந்தவர்களிடம் நடந்த சோதனையில் அந்த மாத்திரையால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. மூன்று வேளையும் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கும்போது அவர் மாஸ்க் போட்டுக்கொள்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது, இவை போதும்.

நாங்கள் என்னதான் செய்வது? யாரைப் போய்க் கேட்பது?

வந்த பிறகு கேட்கத் தொடங்கினால், முதலில் சொன்ன என் உறவினர் கதைதான். இங்கிலாந்தில் 2021 டிசம்பரில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யாருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்பது அரசு ஏட்டிலேயே இருந்ததால், நோய் வருவதற்கு முன்பே அவர்களுக்குக் கடிதமும் பரிசோதனைப் பெட்டியும் அனுப்பினார்கள். பாசிட்டிவ் என்றதும் அதற்கென்றே இருந்த பிரிவிலிருந்து தொலைபேசி வரும். லண்டனில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் சிலர் மருந்து கூரியரில் வீட்டுக்கே வந்ததாகச் சொன்னபோது பொறாமையாக இருந்தது. அந்தத் தனிப் பிரிவுகளும் பிறகு கலைந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

நமக்கு அப்படிக் கடிதம் வராது. அதனால் அந்தக் கடிதத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை மாதாந்தரப் பரிசோதனைக்குப் போகும்போது, உடம்பு நன்றாக இருக்கும் அந்த நாளிலேயே, மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எனக்குக் கொரோனா வந்தால் எந்த மருந்து? என் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்?” ஐந்து நிமிட வேலை. பதிலைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருந்தகத்தில் இருப்பு உண்டு என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். பெரிய மாற்றுச் சிகிச்சை மருத்துவமனைகளின் மருந்தகத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

என் உறவினர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே ரத்த வகை, மாற்றுச் சிகிச்சை நடந்த தேதி, கடைசி கிரியேட்டினின். நடுவில் அவர் சாப்பிடும் ஒன்பது மாத்திரைகளின் பெயரும் அளவும். அதில் டாக்ரோலிமஸுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. அதற்குக் கீழே மருத்துவரின் கையெழுத்தில், எதை எந்த வேளையில் நிறுத்துவது, எந்த நாளில் லெவல் எடுப்பது என்று நான்கு வரி. கடைசியில் மூன்று செல் எண்கள்: டாக்டருடையது, மருந்துக்கடைக்காரருடையது, டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தால் அழைக்க வேண்டியவருடையது.